எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து

அண்ணன் செத்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் கொடுத்தார்கள். செல்போன், பர்ஸ், கண்ணாடி நொறுங்கிய வாட்ச், ஒரு சாவிக்கொத்து. பைக் சாவி மட்டும் அதில் இல்லை. பைக்கோடு அது போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. செல்போனை அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சாவிக்கொத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

அது கையை இழுக்கிற அளவுக்குக் கனமான கொத்து. அண்ணன் எப்போதும் பெல்ட்டில் மாட்டியிருப்பான். அவன் தெரு முனை திரும்பும்போதே எங்களுக்கு வீட்டுக்குள் சத்தம் கேட்கும். அம்மா உடனே தட்டை எடுத்துக் கழுவுவாள்.

காரியம் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, சும்மா இருக்க முடியாமல், அந்தச் சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். வாசல் பூட்டு, பீரோ, அவனுடைய தகரப்பெட்டி, மாடிக் கதவு. ஒன்றும் சேரவில்லை. வீட்டுச் சாவியை அவன் தனியாகப் பர்ஸில் வைத்திருந்தான். அவன் வேலை பார்த்த மில்லுக்குப் போய் லாக்கரில் போட்டுப் பார்த்தேன். அங்கிருந்த வாட்ச்மேன், "அவன் லாக்கருக்குப் பூட்டே கெடையாதும்மா, கம்பியத்தான் முறுக்கி விட்டிருப்பான்" என்றார்.

எதையும் திறக்காத இத்தனை சாவிகளை ஒருத்தன் எதற்கு இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவான்? அழுகை வராத நேரமெல்லாம் எனக்கு இந்த யோசனைதான்.

அண்ணனுக்கு மில் ஷிப்ட் போக இன்னொரு வேலை இருந்தது. ராஜபாளையத்தில் இருக்கிற ஒரு நாடகக் குழுவுக்கு அவன்தான் ஸ்டேஜ் மேனேஜர். மில்லில் வேலை பார்ப்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும் சேர்ந்து நடத்துகிற குழு. நாடகம் எழுதி நடிக்கச் சொல்லிக்கொடுப்பவரை எல்லோரும் வாத்தியார் என்பார்கள். சிமெண்ட் கடைக்காரர். அண்ணன் செத்து மூன்று மாதம் கழித்து, எங்கள் வீட்டில் கிடந்த நாடகப் பெட்டியை எடுத்துப்போக அவர் வந்தார்.

"சார், எங்கண்ணன் அங்க என்ன வேலை பாத்தான்?" என்று கேட்டேன்.

"எல்லாம்தான் பாத்தான்" என்றார்.

"எல்லாம்னா?"

"சொல்லத் தெரியலையே பாப்பா. அவன் இருந்த வரைக்கும் நான் அதெல்லாம் கவனிச்சதே இல்ல."

நானும் நாடகத்தை முன்னால் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறேன். முன்னால் இருந்து பார்த்தால் அண்ணன் தெரியவே மாட்டான். அவன் எப்படிச் செத்தான் என்று எனக்குச் சொல்ல ஊரில் நூறு பேர் இருந்தார்கள். அங்கே அவன் என்ன செய்தான் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. அதனால்தான் வாய் தவறினாற்போல, "அந்த வேலைய நான் பாக்கட்டா?" என்று கேட்டுவிட்டேன்.

வாத்தியார் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "போய்ட்டு வரட்டும் சார். பேண்டேஜ் கம்பெனில இருந்து வந்தா இங்கதான் மொகட்டப் பாத்துக்கிட்டுக் கெடக்கா" என்றாள்.

வாத்தியார் கடைசியில் இறங்கி வந்தார். "திருவில்லிபுத்தூர்ல ஒரு நாடகம் ஒத்துக்கிட்டிருக்கோம். அத மட்டும் பாரு. ஒழுங்கா வந்துச்சுன்னா நீயே பாத்துக்க. இல்லேன்னா சவுண்டு சர்வீஸ்காரன் தம்பி கேட்டுக்கிட்டே இருக்கான், அவனப் போட்டுருவோம். வருத்தப்படக் கூடாது."

வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொன்னேன். அந்த இடமும் போய்விட்டால் அண்ணனைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு எதுவுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்தியாரின் சிமெண்ட் குடோனில் ஒத்திகை. முதல் நாளே எனக்கு ஒன்று விளங்கியது. மேடையில் எதுவும் தானாக நடப்பதில்லை. நடிகர் கதவைத் தட்டினால் அந்தச் சத்தத்தை உள்ளே ஒரு ஆள் கட்டையால் தட்ட வேண்டும். மூக்குக்கண்ணாடியை எடுக்க மேஜைக்குக் கை நீட்டினால், யாரோ ஒருத்தர் முன்பே அதை அங்கே வைத்திருக்க வேண்டும். பெஞ்ச் எங்கே, நாற்காலி எங்கே என்று தரையில் துண்டு துண்டாக டேப் ஒட்ட வேண்டும். யார் வந்தார்கள், யார் இன்னும் பஸ் ஏறவில்லை, யாருக்கு ஊக்கு வேண்டும், யாருக்கு வசனம் மறந்துவிட்டது, எல்லாம் ஸ்டேஜ் மேனேஜர் தலையில்.

எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "இந்த எடத்துல எங்கண்ணன் எங்க நிப்பான்?"

லைட் போடுகிற அண்ணன், "கயித்துப் பக்கம், எங்கூடத்தான்" என்றார். திரைக்கயிறும் லைட் போர்டும் இருக்கிற ஓரத்தை அவர்கள் கயிற்றுப் பக்கம் என்பார்கள். எதிர் ஓரம் சுவர்ப் பக்கம். மருமகளாக நடிக்கிற அக்கா செட்டியார்பட்டியில் இருந்து வருகிறவர். அவர், "சுவர்ப் பக்கம்தான்ட்டி நிப்பான். நான் உள்ள வந்த ஒடனே தண்ணி குடுப்பான்ல" என்றார். வாத்தியார், "எனக்கு முன்னாலயே நின்னு மறைப்பான்" என்றார். ஒரே நேரத்தில் ஒருத்தன் மூன்று இடத்தில்.

கடைசிக்கு முந்தின காட்சியைப் பற்றி மட்டும் லைட் அண்ணன் வேறு மாதிரி சொன்னார். அந்தக் காட்சியில் நாடகத்து அப்பா தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பேசி முடித்ததும் மேடை முழுக்க இருட்டாகும். திரும்ப வெளிச்சம் வரும்போது பெஞ்ச் காலியாக இருக்கும். அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார் என்று அர்த்தம்.

"நான் லைட்ட அமத்துறதுக்குச் செத்த முன்னாடி உங்கண்ணன் பின்திரைக்குப் பின்னால ஓடி சுவர்ப் பக்கம் போயிருவான். அங்க இருந்து டார்ச்ச ஒரு தடவ மின்னுவான். அப்பதான் நான் லைட்டப் போடணும். அதுவரைக்கும் இருட்டுதான்."

"எதுக்கு அங்க ஓடணும்? இங்க இருந்தே சொல்லலாமே?"

"அத அவன்ட்டதான் கேக்கணும்" என்றவர், சொன்ன பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பாவாக நடிப்பவர் சேத்தூர்க்காரர். மில்லில் இருந்து ரிட்டயர் ஆனவர். எல்லோருக்கும் அவர் மாமா. குழு ஆரம்பித்த நாளில் இருந்து அந்த வேஷம் அவருடையதுதான். அவரிடமும் கேட்டேன்.

"மாமா, இருட்டுற நேரத்துல அண்ணன் எதுக்கு நீங்க வெளிய வர்ற சுவர்ப் பக்கம் வருவான்?"

"திரை இழுக்கத்தான் தாயி" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட வெளியே போனார்.

திரைக்கயிறு எதிர்ப்பக்கம் அல்லவா இருக்கிறது? அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் நடித்தவருக்குக் கயிறு எங்கே என்று தெரியாதா? திரும்பக் கேட்கலாம் என்று பார்த்தால் அன்று முழுக்க அவர் என் பக்கமே வரவில்லை.

ஒத்திகையில் ஒன்றும் தெரிய வழியில்லை. குடோனில் பகல் வெளிச்சம். வாத்தியார் "இருட்டு" என்று வாயால் சொல்வார். மாமா எழுந்து விறுவிறுவென்று நடந்து சுவர்ப் பக்கம் போய்விடுவார்.

சாவிக்கொத்தைச் சுடிதார் இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டுதான் ஒத்திகைக்குப் போவேன். அது எல்லோர் கண்ணிலும் பட்டது. காதிலும் பட்டது.

"ஏட்டி, இந்தச் சனியன நீயுமா கட்டிக்கிட்டு வந்திருக்கெ?" என்றார் அக்கா. "நான் உசிரக் குடுத்து அழுவேன். அந்நேரம் பாத்து கலகலன்னு ஒரு சத்தம் வரும். சனங்க என்னயப் பாக்குமா, மாடு வருதான்னு திரும்பிப் பாக்குமா?"

"வீடியோ எடுத்ததுல கூட அவன் சாவிதான் கேக்குது" என்றார் வாத்தியார். "எத்தன தடவ சொல்லிருப்பேன். ஸ்டேஜ் மேனேஜர் இருக்கதே தெரியக் கூடாது பாப்பா."

அதை நான் மனதில் ஏற்றிக்கொண்டேன். கொத்தைக் கழற்ற மனம் வரவில்லை. சத்தமும் வரக்கூடாது. நான் வேலை பார்ப்பது பேண்டேஜ் பேக்கிங்கில். துணியை இறுக்கிச் சுற்றுவதுதான் என் கைக்குத் தெரிந்த வேலை. கழித்துப் போட்ட ஒரு ரோலை எடுத்துவந்து, சாவிகளுக்கு இடையில் விட்டு விட்டு, கை எலும்பு முறிந்தவனுக்குச் சுற்றுகிற மாதிரி சுற்றி முடிச்சுப் போட்டேன். குலுக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

திருவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாலை ஆறரைக்கு நாடகம். செட்டை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு மத்தியானமே போனேன். மேடையில் முந்தின நாள் அலங்காரம் செய்தவர்கள் விட்டுப்போன ஆணிகளைப் பொறுக்கினேன். டேப் ஒட்டினேன். நாடகத்தில் மகன் பால்கோவா வாங்கி வந்து அப்பாவுக்குக் கொடுப்பது போல ஒரு இடம் வரும். ஊரே பால்கோவா ஊர், டப்பாவில் மாவை உருட்டி வைத்தால் முன்வரிசைக்காரர்கள் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள் என்று நிஜமாகவே வாங்கி வைத்தேன். செத்த நேரம் அந்தப் பக்கம் போய்விட்டு வந்து பார்த்தால் டப்பாவில் பாதி இல்லை.

"யாரு தின்னது?"

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. லைட் அண்ணனால் திறக்கவும் முடியாது. வாய் நிறைய இருந்தது.

"ஏந்திரா இது, பிள்ளை இம்புட்டுக் கோவப்படுது" என்று முழுங்கிவிட்டுச் சொன்னார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "உங்கண்ணன் ரெண்டு டப்பா வாங்குவான். எங்களுக்கு ஒண்ணு, நாடகத்துக்கு ஒண்ணு."

இதையும் அண்ணனைப் பற்றித் தெரிந்துகொண்டவற்றில் சேர்த்துக்கொண்டேன். இன்னொரு டப்பா வாங்க ஓடினேன்.

முதல் பாதி நன்றாகப் போனது. தண்ணீர், ஊக்கு, கதவுச் சத்தம் எல்லாம் நேரத்துக்கு வந்தன. சாவி கேட்கவில்லை. வாத்தியார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இந்த இடம் எனக்குத்தான் என்று நினைத்துவிட்டேன்.

இடைவேளையில் சால்வை போடுகிற சடங்கு வந்தது. எங்கள் பக்கம் நாடகம் என்றால் நடுவில் ஊர்ப் பெரிய மனிதர்கள் மேடை ஏறி ஒருத்தருக்கொருத்தர் பொன்னாடை போட்டுப் பேசாமல் விட மாட்டார்கள். மண்டபத்து ஆட்கள் பெஞ்சைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, சிவப்பு விரிப்பை விரித்து, நாற்காலி போட்டார்கள். எல்லோரும் பேசி முடித்ததும் விரிப்பைச் சுருட்டினார்கள். அதோடு நான் ஒட்டிய டேப் எல்லாம் உரிந்து வந்துவிட்டது. பெஞ்சைக் கண் மதிப்பில் போட்டேன். சரியாக இருப்பதாகத்தான் தெரிந்தது. அது மேடையின் முன்பக்கமாகக் கொஞ்சம் திரும்பியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

கடைசிக்கு முந்தின காட்சி. மாமா பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஏன் என்று தெரியாமலே, அண்ணன் செய்தது போல நானும் திரைக்குப் பின்னால் ஓடி சுவர்ப் பக்கம் போய் நின்றேன். கையில் டார்ச். லைட் அணைந்தது.

மாமா வரவில்லை.

ஒத்திகையில் விறுவிறுவென்று வருகிறவர். இங்கே செருப்பில்லாத கால் தரையைத் தடவுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு எட்டு. நின்றது. இன்னொரு எட்டு. அந்தச் சத்தம் என் பக்கம் வரவில்லை, முன்பக்கம் போனது. முன்னால் மேடை ஆள் மார்பு உயரம். கீழே முன்வரிசை இரும்பு நாற்காலிகள்.

டார்ச்சை அடிக்கலாம் என்று விரல் போனது. ஆனால் டார்ச் மின்னினால் லைட் அண்ணன் மொத்த வெளிச்சத்தையும் போட்டுவிடுவார். காலியாக இருக்க வேண்டிய மேடையில் மாமா தடுமாறி நிற்பதை எல்லோரும் பார்ப்பார்கள். நாடகம் அங்கேயே முடிந்தது. ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்றால் எனக்கும் அவர் இருக்கிற இடம் தெரியவில்லை.

அப்போது இருட்டில் இருந்து மெல்லிசாக ஒரு குரல்.

"ஏலே... எங்கடா நிக்கெ? சாவிய ஆட்டுலே."

இத்தனை மாதமாக எல்லோரும் அண்ணனை "அவன் இருந்திருந்தா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி யாரும் கூப்பிடவில்லை. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் விளங்கிவிட்டது. மாமாவுக்கு மாலைக்கண், இருட்டில் சுத்தமாகத் தெரியாது. அண்ணன் இங்கே நின்று சாவியை ஆட்டுவான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்து வருவார். நான் அந்தச் சாவிக்குக் கட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.

முடிச்சை அவிழ்க்கக் கை வரவில்லை. நான் போடுகிற முடிச்சு சீக்கிரம் அவிழாது, கம்பெனியில் அதற்குத்தான் எனக்கு நல்ல பெயர். பல்லால் கடித்து இழுத்தேன். துணி கிழிந்தது. இரண்டு சுற்று விட்டதும் மீதியை உருவி எறிந்துவிட்டு, கொத்தைத் தலைக்கு மேல் பிடித்துக் குலுக்கினேன்.

காலடி நின்றது. திரும்பியது. பிறகு ஒத்திகையில் வருகிற அதே விறுவிறு நடை. நேராக வந்து என் தோளில் கை வைத்தார். கை சில்லென்று இருந்தது. டார்ச்சை மின்னினேன். வெளிச்சம் வந்தது. பெஞ்ச் காலி. கீழே இருந்து பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. ரொம்ப நேரம் இருட்டாக இருந்ததே அவர்களுக்குப் பிடித்துவிட்டது போல.

நாடகம் முடிந்ததும் வாத்தியார் நேராக என்னிடம்தான் வந்தார்.

"அம்புட்டு நேரமா இருட்டு? பொறவு அது என்ன சத்தம்? சாவிச் சத்தம் போச்சுன்னு பாத்தா, ஊரே அமைதியா இருக்கும்போது மணி அடிக்கிற மாதிரி ஆட்டுதெ! நீ வேணும்னே பண்ணியா?"

மாமா நாற்காலியில் உட்கார்ந்து எண்ணெய் போட்டு மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் உள்ளதைச் சொன்னால் என் இடம் தப்பிக்கும். அவர் வேஷம் போய்விடும். அண்ணன் இத்தனை வருடம் இதே திட்டை வாங்கிக்கொண்டு இப்படித்தான் நின்றிருப்பான். வாயே திறந்திருக்க மாட்டான்.

"கட்டு அவுந்துருச்சு சார்" என்றேன்.

"அப்ப அடுத்த நாடகத்துக்கு..." என்று வாத்தியார் ஆரம்பித்தார்.

"வாத்தியாரே, பிள்ளைய வையாதீரும்" என்றார் மாமா, துடைப்பதை நிறுத்தாமல். "அந்தச் சத்தம் கேக்காம எனக்கு எந்திரிக்கவே வரமாட்டேங்குது. பழகிப்போச்சு. இருட்டு நீண்டது என்னாலதான். சாவி இல்லேன்னா நான் நடிக்கல. வேற ஆளப் பாத்துக்கிடும்."

"என்னய்யா இது, கூத்தா இருக்கு?" என்றார் வாத்தியார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "வத்திராயிருப்புல அடுத்த மாசம் நாடகம் இருக்கு. சாவியோடயே வந்து சேரு. அந்தப் பெஞ்ச மட்டும் ஒழுங்காப் போடு, கோணலா இருந்துச்சு."

செட்டை ஏற்றும்வரை நானும் மாமாவும் மண்டபத்து வாசலில் டீ குடித்தோம்.

"மொதல்ல ரெண்டே சாவிதான் இருந்துச்சு" என்றார். "ஜெனரேட்டர் ஓடுனா சத்தம் பத்தல. பஸ் ஸ்டாண்டு பக்கம் பூட்டு ரிப்பேர் கடையில போய், ஆகாத சாவியாப் பொறுக்கிக்கிட்டு வந்து கோத்தான். பெரிய சாவி வேற மாதிரி பேசும், சின்னச் சாவி வேற மாதிரி பேசும்பான். எது எனக்கு நல்லாக் கேக்குதுன்னு ஒவ்வொண்ணா ஆட்டிக் காட்டுவான்."

"டாக்டர்ட்ட காட்டுனீகளா?"

"அவன்தான் கூட்டிட்டுப் போனான். வயசாக வயசாகக் கூடத்தான் செய்யும்னுட்டாங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னிக்கு அவனக் கூப்பிட்டுட்டேன்ல. தப்பா நெனைக்காத தாயி. வாய் பழகிருச்சு."

"நான் யார்ட்டயும் சொல்லல மாமா. ஆனா இனிமே பெஞ்சு நான் சொல்ற எடத்துலதான். சுவர்ப் பக்கத்துக்குக் கிட்டயே போடுவேன். வாத்தியார் கேட்டா வெளிச்சம் அங்கதான் நல்லா விழுதுன்னு சொல்லுங்க."

"அதிகாரத்தப் பாரு. அண்ணன் கூட என்னய இப்படி அதட்டல" என்று சிரித்தார்.

அன்று வீட்டுக்கு வரும்போது தெரு முனையில் திடீரென்று நின்றுவிட்டேன். கட்டு இல்லாத சாவிக்கொத்து. இந்தச் சத்தம் அம்மாவுக்குக் கேட்டால்? இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நடந்தேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். என் கைகளைப் பார்த்தாள்.

"எதுக்குட்டி அதப் போட்டு நெரிக்கெ? விடு" என்றாள்.

சில நாள் கழித்து ஸ்டேஷனில் இருந்து பைக்கை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுக்கிற நிலையில் அது இல்லை. பழைய இரும்புக்குத்தான் போனது. சாவியை மட்டும் அம்மா கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். அதை வளையத்தில் கோத்தேன்.

வத்திராயிருப்பில் பெஞ்சை நான் சொன்ன இடத்தில்தான் போட்டேன். எழுந்து நாலு எட்டு வைத்தால் மறைவுக்குள் வந்துவிடலாம். ஆட்டாமலே அவர் வந்துவிடுவார் என்றுதான் பட்டது. ஆனாலும் லைட் அணைந்ததும் ஆட்டினேன். மாமா உடனே எழவில்லை. இன்னொரு தடவை ஆட்டினேன். பிறகு நேராக நடந்து வந்து என் தோளைப் பிடித்தார். டார்ச்சை மின்னினேன்.

"சத்தம் மாறிருக்கே?" என்று காதோரம் கேட்டார்.

"ஒரு சாவி கூடியிருக்கு மாமா."

"எந்தப் பூட்டோடது?"

"இப்ப எந்தப் பூட்டோடதும் இல்ல" என்றேன்.

மேடையில் அக்கா அழ ஆரம்பித்திருந்தார். சாவி ஆடாமல் கையால் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன்.